கண்ணகியின் கால்

சிலப்பதிகாரம் பற்றி நான் வாசித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை சிலம்பைப் பற்றியவை. உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா, அது எதன் குறியீடு, ஏன் காப்பியத்துக்கு அந்தப் பெயர். அந்தச் சிலம்பைப் போட்டிருந்த காலைப் பற்றித் தனியாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கும் அது தோன்றியிருக்காதுதான். என் வலது குதிகாலில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு கொப்புளம் வந்த பிறகுதான் தோன்றியது.

ஒரு மாரத்தானை ஓடாமல் நடந்தே முடிப்பது என்று நான் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். தூரம் 42.195 கிலோமீட்டர். ஏழு மணி நேரக் கெடு என்றால் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும். அது கடைத்தெரு நடை இல்லை, பஸ்ஸைப் பிடிக்கப் போகிற நடை. அதை ஏழு மணி நேரம் நிறுத்தாமல் நடக்க வேண்டும். தெலுக் இந்தான் இதற்கு நல்ல ஊர். பேராக் ஆற்றங்கரை, மேடு பள்ளமே கிடையாது. மண் அவ்வளவு மென்மை. 1885இல் கட்டிய கோபுரம் சாய்ந்து நிற்பதற்கும் அந்த மண்தான் காரணம் என்கிறார்கள். அந்தக் கோபுரத்தடியில் தொடங்கி, ஆற்றோரமாகப் போய், செம்பனை லாரிகள் கிளம்புவதற்குள் தோட்டத்துச் செம்மண் சடக்கில் திரும்பி வீட்டுக்கு வருவேன். அதிகாலை நான்கரைக்குக் கிளம்புவதால் அப்பா மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வருவார். அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் நடப்பேன்.

பயிற்சி தொடங்கிய அதே மாதம் எங்கள் வாசிப்புக் குழுவில் சிலப்பதிகாரம் எடுத்தோம். வாரம் இரண்டு காதை. நாடுகாண் காதை வந்த வாரம் நான் கொப்புளத்தோடு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தேன். அன்று படித்தது வேறு புத்தகம் மாதிரி இருந்தது.

*

முதலில் கொப்புளம். தோலின் மேற்பரப்பு தேய்வதால் வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு எட்டிலும் உள்ளே எலும்பு ஒரு பக்கம் நகர்கிறது. சப்பாத்தும் காலுறையும் பிடித்துக்கொண்டிருப்பதால் மேல்தோல் அதே வேகத்தில் நகர முடிவதில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள அடுக்கு இழுபடுகிறது. ஆயிரக்கணக்கான எட்டுகளுக்குப் பிறகு அந்த அடுக்கு உள்ளுக்குள்ளேயே கிழிகிறது. கிழிந்த இடத்தில் நீர் ஊறுகிறது. ஆக அது மேலிருந்து வந்த காயம் இல்லை. வியர்வையில் ஊறிய தோல் இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சீக்கிரம் வரும்.

வைத்தியம் எல்லாம் எளிமையானது. சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூன்று மணி நேரத்தில் கால் வீங்கும். ஈரம் தங்காத காலுறை, விரலிடுக்கில் வாசலின், சூடு தெரிகிற இடத்தில் உடனே நின்று பிளாஸ்டர். அதையும் மீறி வந்துவிட்டால் மேல்தோலைப் பிய்க்கவே கூடாது. சின்னதாக இருந்தால் அப்படியே விட வேண்டும். பெரிதாகி வலித்தால், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை இறக்கிவிட்டு, தோலை மூடியாகவே வைத்திருக்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த விஷயங்களில் கிட்டத்தட்ட பாதியை நம் பழைய கவிகள் பார்த்திருக்கிறார்கள்.

*

பொருநராற்றுப்படையைப் பாடியவர் முடத்தாமக்கண்ணியார். அந்த 'முடம்' காலைக் குறிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. பாட்டுடைத் தலைவன் கரிகாலன். அவன் கால் தீயில் பட்டதைச் சொல்லும் வெண்பா ஒன்று அந்தப் பாட்டின் கடைசியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கால் வருகிறது, பொருநனோடு நடந்து வரும் விறலியின் கால்.

கவிஞர் அவளைக் கூந்தலிலிருந்து அடிவரை வர்ணிக்கிறார். மரபான வரிசை, மரபான உவமைகள். நெற்றிக்குப் பிறை, புருவத்துக்கு வில் என்று நமக்குப் பழகின பட்டியல். ஓர் ஆண் ஒரு பெண்ணை மேலிருந்து கீழே பார்க்கிற பார்வை என்று இன்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். நானும் கல்லூரியில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அந்தப் பார்வை பாதத்துக்கு வந்ததும் வேறொன்றாக மாறுகிறது. ஓடிக் களைத்த நாயின் நாக்கைப் போன்ற பாதம் என்கிறார். உருகிய அரக்கு மாதிரி சிவந்து கொதிக்கிற நிலம். பரல்கற்கள் பகைவர்கள். அதனால் பாதத்தில் நீர் தளும்பும் கொப்புளங்கள், பழுத்த மரல் பழம் போல. ஆகவே அவர்கள் உச்சிவெயிலில் நடப்பதைத் தவிர்க்கிறார்கள்.

மரல் என்பது நாம் தொட்டியில் வைக்கிற பாம்புக் கற்றாழை இனம். அதன் பழம் சின்னதாக, உருண்டையாக, பழுத்தால் உள்ளே நீர் கோத்தது மாதிரி பளபளக்கும். என் குதிகாலைப் பார்த்துக்கொண்டே இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு துல்லியம். ஒரு கொப்புளத்தைக் கிட்டத்தில், நிதானமாக, அசைத்துப் பார்த்த ஒருவர்தான் உள்ளே நீர் மறுகுவதைச் சொல்ல முடியும். வர்ணனை நிலவிலும் வில்லிலும் தொடங்கி நாயின் நாக்கில் வந்து முடிகிறது. அழகு பார்க்கத் தொடங்கிய கண் பசியைப் பார்த்துவிட்டது.

அந்தப் பாட்டில் இதற்கு ஒரு பதில் பின்னால் வருகிறது. கரிகாலன் அவர்களுக்கு விருந்து வைக்கிறான். இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லையை உழுத கொழு மாதிரி பல் மழுங்கிப்போகிறது. வறுமையில் பாதம் தேய்கிறது, செல்வத்தில் பல் தேய்கிறது. விடைபெறும்போது அரசன் நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய தேரைக் கொடுத்து, தான் ஏழடி பின்னால் நடந்து வந்து அனுப்பி வைக்கிறான். நடந்து வந்தவர்களுக்குத் தேர், தேரில் போகிறவனுக்கு ஏழடி நடை. இதைக் கொடைச் சிறப்பு என்று உரை சொல்லும். எனக்கு இது கால்களின் கணக்கைச் சரிசெய்வதாகத் தெரிகிறது.

சிறுபாணாற்றுப்படையிலும் நத்தத்தனார் அதே நாயின் நாக்கைக் கொண்டுவருகிறார். கூடவே ஒரு காட்சி. நடந்து மெலிந்த விறலியரின் பாதங்களை இளைஞர்கள் மெல்ல வருடிக்கொடுக்கிறார்கள். அந்த இளைஞர்களைக் கவிஞர் கல்லாதவர்கள் என்கிறார். தொழில் தெரிந்த வைத்தியர்கள் யாரும் அங்கே இல்லை, கூட நடந்து வந்தவர்கள்தான். அவர்களுக்கும் கால் வலித்திருக்கும்.

*

சிலப்பதிகாரத்துக்கு வருகிறேன். கோவலனும் கண்ணகியும் விடியும் முன்னே, யாருக்கும் தெரியாமல், புகாரை விட்டுக் கிளம்புகிறார்கள். ஒரு காவதம் நடந்து கவுந்தியடிகள் இருக்கும் சோலையை அடைகிறார்கள். அங்கேயே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எது என்று கேட்கிறாள். மொத்தப் பயணத்தில் மிகச் சின்ன ஒரு பகுதிதான் முடிந்திருக்கிறது. கோவலன் சிரித்துக்கொண்டு சொல்கிறான்: ஆறைங்காதம்தான், பக்கம்தான்.

ஆறைந்து என்றால் முப்பது. முப்பது என்று நேராகச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று ஆறு, ஐந்து எனச் சின்ன எண்களாக உடைத்துச் சொல்கிறான் என்று வாசிப்பவர்கள் உண்டு. நீண்ட தூரம் நடந்த எவருக்கும் இந்தத் தந்திரம் தெரியும். நான் நாற்பத்திரண்டு என்று ஒருநாளும் எண்ணுவதில்லை. ஆறு ஏழு என்றுதான் எண்ணுகிறேன். கோவலனின் அந்தச் சிரிப்பு எனக்கு முன்பு விளங்கியதில்லை. மனைவியை ஏமாற்றுகிறவனின் சிரிப்பு என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் அதில் வெட்கமும் இருக்கிறது. அவளை இந்த வெயிலுக்குக் கொண்டுவந்தவன் அவன். முப்பது என்ற எண்ணை அவனாலேயே வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அடுத்து கவுந்தி. அவரும் கண்ணகியின் காலைப் பார்க்கிறார். பரற்பகையை இதுவரை அறியாத கால் இது, காட்டு வழியில் இவள் எப்படிப் போவாள் என்கிறார். விறலியின் காலுக்கு முடத்தாமக்கண்ணியார் வைத்த அதே சொல், பரற்பகை. போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து, கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் தானும் வருவதாகச் சொல்கிறார். மதுரையில் அறவுரை கேட்க வேண்டும் என்று தனக்கும் ஓர் ஆசை உண்டு என்கிறார். பிறகு வழியின் ஆபத்துகளை அடுக்குகிறார்.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. சோலை வழியாகப் போனால், கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் விழுந்து மூடியிருக்கும், தெரியாமல் கால் வைத்தால் விழுவீர்கள். குழியைப் பார்த்து ஒதுங்கினால் தலையில் பலாப்பழம் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் விளைந்த பாத்திகளில் பலாக்கொட்டை பரலாகக் காலை உறுத்தும். வயல் வழியாகப் போனால் வாளை மீனைத் துரத்தும் நீர்நாய், துள்ளும் மலங்கு, இவள் பயப்படுவாள். வாய்க்காலில் இறங்கினால் நண்டும் நத்தையும் உங்கள் காலடியில் மிதிபடும், அந்தப் பாவம் பொறுக்க முடியாதது.

பலாக்கொட்டையை மிதித்தால் வலிக்கும் என்பதை இளங்கோ எங்கிருந்து எடுத்தார்? இது ஏட்டிலிருந்து வரும் தகவல் இல்லை. வெறும் காலில் பலாமரத்தடியில் நடந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. அதைவிட முக்கியம், கவுந்தி இரண்டு பக்கமும் பார்க்கிறார். நிலம் காலை என்ன செய்யும் என்பது ஒன்று. கால் நிலத்தில் இருக்கும் உயிர்களை என்ன செய்யும் என்பது இன்னொன்று. அவர் சமணத் துறவி, இரண்டாவது கேள்வி அவருடைய விரதம். ஆனால் முதல் கேள்வியை அவர் கண்ணகிக்காகக் கேட்கிறார்.

மூவரும் ஒரு நாளைக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடப்பதில்லை என்றும், பல நாள் தங்கித் தங்கிப் போனார்கள் என்றும் இளங்கோ சொல்கிறார். எந்தப் பயிற்றுநரும் சொல்வது இதுதான், தூரத்தை மெல்லக் கூட்டு, ஓய்வு நாளை விடாதே. பாண்டிய நாட்டுக்குள் வந்ததும் கோவலன் கவுந்தியிடம் வந்து, இந்தக் கோடை வெயிலை இவள் தாங்கமாட்டாள், பரல் நிறைந்த வெங்கானம் இவள் பாதத்துக்குப் பழக்கமில்லை, இரவில் நடப்போம் என்கிறான். பாண்டியன் ஆட்சியில் கரடியும் புலியும் பாம்பும் முதலையும் யாருக்கும் தீங்கு செய்யாது என்கிறான். நிலவில் நடக்கிறார்கள். நம் நாட்டில் மாரத்தான்களை நள்ளிரவுக்குப் பிறகு தொடங்குவதற்கும் காரணம் வெயில்தான். புலி செய்யாத தீங்கை அந்த ஆட்சியில் அரசனே செய்யப்போகிறான் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் அந்த இரவு நடை அவ்வளவு அழகாகவும் அவ்வளவு பயமாகவும் இருக்கிறது.

மதுரைக்கு வெளியே மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கும்போதும் கவுந்தி மறுபடியும் காலைத்தான் சொல்கிறார். இவள் பாதத்தை மண்மகள்கூடப் பார்த்ததில்லை, ஆனால் கணவனுக்காக வெயிலில் நா வறண்டு நடந்து வந்தாள், தன் துயரைத் தான் காணவில்லை என்று. வேட்டுவ வரியின் தொடக்கத்திலும் சிவந்த பாதம் வருகிறது. ஆக, புகாரிலிருந்து மதுரைவரை கண்ணகியின் பாதம் பேசிக்கொண்டே வருகிறது. யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

*

கண்ணகி இரண்டு முறை நடக்கிறாள். இரண்டாவது நடை கட்டுரை காதையின் கடைசியில் வருகிறது. மதுரை எரிந்துவிட்டது. கிழக்கு வாயிலில் கணவனோடு வந்தேன், மேற்கு வாயிலில் தனியாகப் போகிறேன் என்று சொல்லி, வளையை உடைத்துவிட்டு வெளியேறுகிறாள். வையைக் கரையோரமாகப் போகிறாள். இரவென்றும் பகலென்றும் தெரியவில்லை. பள்ளத்தில் இறங்குகிறாள், பள்ளம் என்று நினைக்கவில்லை. மேட்டில் ஏறுகிறாள், மேடு என்று நினைக்கவில்லை. நெடுவேள் குன்றத்தில் அடிவைத்து ஏறி, பூத்த வேங்கையின் கீழ் நிற்கிறாள். பதினான்கு நாள் முடிந்ததும் கோவலன் வானவூர்தியில் வருகிறான்.

முதல் நடையில் அத்தனை முறை வந்த பாதம் இங்கே எங்கே போயிற்று என்று தேடினேன். மலையில் அடிவைத்தாள் என்ற ஒரே சொல்தான். அந்த அடி சிவக்கவில்லை. பரல் இல்லை, வெயில் இல்லை, மூச்சு வாங்கவில்லை. மதுரை எது என்று கேட்ட பெண், இன்னும் எவ்வளவு தூரம் என்று இப்போது யாரிடமும் கேட்கவில்லை. வழிநெடுகக் கொட்டையும் நண்டும் குழியும் பார்த்த காப்பியம் இந்த வழியில் எதையும் பார்க்கவில்லை.

அவள் தெய்வமாகிவிட்டாள், தெய்வத்துக்குக் கால் வலிக்காது என்று ஒரு விளக்கம் சொல்லலாம். எங்கள் குழுவில் ஒரு நண்பர் அதைத்தான் சொன்னார். மறுக்க முடியாது. ஆனால் எனக்கு வேறொரு விளக்கம் கிடைத்தது, அது எங்கள் வீட்டில் இருந்தது.

அப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் போய் செம்பனை வந்த காலம்வரை அங்கேதான். பதினைந்து வயதுவரை சப்பாத்து போட்டதில்லை என்பார். முள், அட்டை, செம்மண் எல்லாம் அந்தப் பாதத்துக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயதில் இனிப்பு நீர் வந்தது. சில வருஷங்களில் பாதத்தில் மரமரப்பு, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒருநாள் பாசாருக்குப் போய்விட்டு வந்து சிலிப்பரைக் கழற்றினார். தரையில் ரத்தத் தடம். அடியில் ஒரு ஆணி, சிலிப்பரைத் துளைத்துப் பாதத்துக்குள் போயிருந்தது.

"வலிக்கலையாப்பா?" என்றேன்.

"ஆணி இருக்குன்னு நீ சொல்லித்தாம்மா தெரியுது" என்றார்.

அந்தக் காயம் ஆறவில்லை. ஐந்து மாதம் கட்டு மாற்றி, கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். நம் சமூகத்தில் இப்படிப்பட்ட கதை இல்லாத குடும்பம் குறைவு.

கட்டுரை காதையை வாசித்தபோது எனக்கு அந்த ரத்தத் தடம்தான் ஞாபகம் வந்தது. கண்ணகிக்குப் பாதம் இல்லாமல் போகவில்லை. பாதம் செய்தி அனுப்புவது நின்றுவிட்டது. பள்ளம் என்று தெரியாமல் பள்ளத்தில் இறங்குகிற காலைத் துணிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வையைக் கரையில் பரல் இல்லாமலா இருக்கும்? இருந்திருக்கும், குத்தியும் இருக்கும். சொல்வதற்குத்தான் யாரும் இல்லை. காலைப் பார்த்து ஆறைங்காதம் என்று பொய் சொல்ல ஒருவன் இல்லை. பலாக்கொட்டையைச் சொல்லி எச்சரிக்க ஒருத்தி இல்லை. அந்தச் செய்தி வந்ததும் கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டுவிட்டார். இளங்கோ கண்ணகியின் துயரத்தின் உச்சத்தை அழுகையில் காட்டவில்லை, அழுகை மதுரைக்குள்ளேயே முடிந்துவிட்டது. வலியை எழுதத் தெரிந்தவர், வலி இருந்தே ஆக வேண்டிய இடத்தில் அதை எழுதாமல் விட்டிருக்கிறார். அது மறதி என்று நான் நம்பவில்லை. முதல் நடையை அவ்வளவு விரிவாக எழுதியிருப்பதால்தான் இரண்டாம் நடையின் மௌனம் கேட்கிறது.

*

இங்கே என்மேல் ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. முன்னூற்றைம்பது வெள்ளிக்குச் சப்பாத்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு நடக்கிற ஒருத்தி, தன் கொப்புளத்தைக் கண்ணகி காலோடும் விறலி காலோடும் வைத்துப் பேசலாமா?

நடையில் இரண்டு வகை உண்டு, விரும்பி நடப்பது, நடக்க வைக்கப்படுவது. மலேசியத் தமிழர்களுக்கு இரண்டாவதின் பெயர் சயாம். 1942க்கும் 1943க்கும் நடுவில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மூங்கில் கீறிய சின்னக் காயம் எலும்புவரை அரிக்கும் புண்ணாக மாறி, கால்களை வெட்டி எடுக்க வேண்டி வந்த இடம் அது. அங்கே இருந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் டாக்டர்கள் இருந்தார்கள், ஒளித்து வைத்து எழுதிய நாட்குறிப்புகள் இருந்தன. காலைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவர்கள் எழுதியது. நம் ஆட்களின் காலுக்கு அப்படி ஏடு இல்லை. வாய்மொழியும், பிற்காலத்தில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்களும்தான். அதே 1942இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கால்நடையாகத் தப்பியவர்களில் வெ. சாமிநாத சர்மாவும் ஒருவர். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். அவர் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' எழுதினார். நடந்தவரே எழுதியது என்ற வகையில் அது அபூர்வம். லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள், எழுத முடிந்தவர்கள் மிகச் சிலர்.

ஆகவே என் கொப்புளம் எனக்கு அவர்கள் வலியைப் புரியவைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அது பொய். என் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. வலித்தால் ஏறிக்கொள்ளலாம். அவர்களுக்கு அது கிடையாது. அந்த ஒரு வித்தியாசம் போதும், மற்ற ஒப்பீடு எல்லாம் விழுந்துவிடும்.

ஆனால் கவுந்தியும் விரும்பி நடந்தவர்தான். அவரை யாரும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. அறவுரை கேட்கப் போகிற ஆசையில், வேறு வழியில்லாமல் நடக்கிற இருவரோடு சேர்ந்துகொண்டார். அவர் கண்ணகியாக நடிக்கவில்லை. தனக்கு வழி தெரிந்திருந்ததை அவள் காலுக்காகப் பயன்படுத்தினார். வாசகர் நிற்கக்கூடிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். கண்ணகியாக நம்மால் முடியாது. குழி எங்கே, கொட்டை எங்கே என்று பார்த்துச் சொல்லலாம். அதனால் கோவலன் பிழைக்கவில்லை என்பதும் உண்மை.

இதை வைத்து என் பழைய கதை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு போட்டிக்கு எழுதியது. பாட்டி, பிரட்டுக் களத்துக்குக் கைக்குழந்தையோடு போவது, கால் தேயத் தேய ஏழு மைல் நடப்பது, கண்ணீர். பரிசு கிடைத்தது. இப்போது படித்தால் அந்தக் கதையில் பாட்டி இருக்கிறாள், ஏழு மைல் இருக்கிறது, கால் இல்லை. 'கால் தேய' என்ற சொல்லை நான் யாரிடமோ வாங்கிப் போட்டிருக்கிறேன். ஏழு மைல் நடந்தவள் எந்தக் காலை முதலில் ஊன்றினாள், சேலை முந்தானையைக் கிழித்துக் கட்டினாளா, குழந்தையை இடுப்பில் எந்தப் பக்கம் வைத்தாள், அதனால் எந்தக் கால் அதிகம் வலித்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அவள் உயிரோடு இருந்தாள், கேட்டிருக்கலாம். எங்கள் தலைமுறை எழுதும் தோட்டக் கதைகளில் இந்த மரமரப்பு நிறைய இருக்கிறது. வேதனை, ரத்தம், வியர்வை என்று பெரிய சொற்கள் நிறைய வரும். ஆணி குத்தினால் தெரியாது. இளங்கோவின் மௌனத்துக்கும் என் கதையின் மௌனத்துக்கும் வித்தியாசம் இதுதான்: அவர் முதலில் பலாக்கொட்டையை எழுதிவிட்டுப் பிறகு மௌனமானார்.

*

இப்போது கொப்புளம் காய்ந்து, தோல் கெட்டியாகிவிட்டது. போன வாரம் இருபத்தெட்டு கிலோமீட்டர் நடந்தேன், அடுத்த வாரம் முப்பத்திரண்டு. இடது சுண்டுவிரலில் புதிதாக ஒன்று கிளம்புகிறது. சடக்கில் ஒரு திருப்பத்தில் பழைய லயத்து ஆட்கள் வைத்த பலாமரம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் கொட்டைகள் கிடக்கும், சப்பாத்துக்கு அவை தெரிவதில்லை.

வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றி என் பாதத்தைப் பார்த்த பிறகு, அப்பாவின் பாதத்தையும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இனிப்பு நீர் உள்ளவர்கள் தினமும் பார்க்கத்தான் வேண்டும், விரலிடுக்கு, குதிகால், அடிப்பாதம். அவரால் குனிய முடியாது, அதனால் நான் கீழே உட்கார்ந்து கைப்பேசி விளக்கை அடித்துப் பார்ப்பேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கூச்சம்.

நேற்று, "அங்க என்னம்மா இருக்கு, தினம் தினம் பார்க்கிற?" என்றார்.

ஒன்றும் இல்லை என்றேன். பெருவிரலுக்குக் கீழே லேசாகச் சிவந்திருந்தது. அதை அவரிடம் சொல்லாமல், சிலிப்பரை எடுத்துக் கவிழ்த்து, வாரை ஒரு துளை தளர்த்தி வைத்தேன்.